பூட்டி வைத்த கார்டு

அக்கா கனடாவுக்குப் போனபோது நான் பள்ளிக்கூடச் சட்டை போட்ட பிள்ளை. இப்போது நெல்லியடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ரீச்சர், தலையில் பாதி நரை. இடையில் ஒரே ஒரு தடவைதான் அவள் வந்து போனாள். இனி முழங்கால் அவளை அவ்வளவு தூரம் வர விடாது. பார்ப்பதென்றால் நான்தான் போக வேண்டும்.

“பிளேன் ரிக்கெற் நான் போடுறன், நீ வெளிக்கிடு” என்று ஒவ்வொரு ஞாயிறும் வீடியோவில் சொல்லுவாள். நான் பிடிகொடுக்க மாட்டேன். என்னைப் படிப்பித்தது அவள் காசு, வீட்டுக்கு ஓடு போட்டது அவள் காசு, என் தாலிக்கொடியும் அவள் காசு. ஒரு தடவையாவது என் காசில் போய் அவள் வாசலில் நிற்க வேண்டும். ரோசம் என்று சொல்லுங்கள், விசர் என்று சொல்லுங்கள், எனக்கு அப்படித்தான் இருந்தது.

கிரெடிட் கார்டில் ரிக்கெற் போட்டு மாதாமாதம் கட்டலாம் என்று கூடப் படிப்பிக்கும் ரீச்சர் ஒருவர் சொன்னார். சம்பளம் விழுகிற வங்கியிலேயே கேட்டேன். கார்டு வந்தது. லிமிட் ஐம்பதினாயிரம். ரீச்சர் சம்பளத்துக்குத் தொடக்கத்தில் அவ்வளவுதானாம். அந்தக் காசுக்கு விமானத்தின் வாலைத்தான் தொடலாம். நல்லபடியாக வைத்திருந்தால் ஆறு மாதத்தில் கூட்டுவார்கள் என்றார் மனேஜர்.

நல்லபடியாக வைத்திருக்க எங்களுக்குச் சொல்லித் தர வேண்டுமா? பட்டுத் துண்டில் சுற்றி, அலுமாரியில் தாலிக்கொடிக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினேன். கணவருக்கும் திறப்பைக் கொடுக்கவில்லை. எங்கள் ஊரில் கடன் படாத ஆளுக்குத்தான் மதிப்பு. ஒரு சதமும் எடுக்காத என்னை வங்கி தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் என்று நினைத்தேன். பருத்தித்துறைக் கடையொன்றில் குளிர்ச் சட்டைக்கு விலைகூடக் கேட்டு வைத்தேன்.

ஆறு மாதம் முடிந்ததும் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் எடுத்தேன். தமிழுக்கு இரண்டை அமத்தி, அவர்கள் போட்ட பாட்டையெல்லாம் கேட்டு முடித்தபிறகு ஒரு பெட்டைப்பிள்ளை கதைத்தாள். கொழும்புத் தமிழ்.

“மேடம், நீங்க கார்ட ஒரு தடவகூட யூஸ் பண்ணலையே. யூஸ் பண்ணி ஒழுங்கா கட்டினாத்தான் லிமிட் கூட்டலாம்.”

“கடன் படாமல் கவனமா வைச்சிருந்தனான், பிள்ளை.”

“அது சிஸ்டத்துக்குத் தெரியாது மேடம்.”

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஆனால் அவளில் பிழையில்லை, பணிவாகத்தான் சொன்னாள். கடைசியில் வழமையான கேள்வியைக் கேட்டாள், வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று.

“எனக்கு என்ரை அக்காவைப் பாக்க வேணும்” என்றேன். நினைத்துச் சொல்லவில்லை, வந்துவிட்டது.

“சீக்கிரமா போய்ப் பாருங்க மேடம்” என்றாள். அது அவளுக்கு எழுதிக் கொடுத்த வசனமாக இருக்காது.

அந்த ஞாயிறு எல்லாவற்றையும் அக்காவிடம் சொன்னேன். பட்டுத் துண்டுக் கதைக்குச் சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

“நான் உன்னட்டைக் காசு கேட்டனானே? வா எண்டுதானே கேட்டனான்.”

எத்தனை ஞாயிறுகளை வீணாக்கிவிட்டேன். “சரி அக்கா, ரிக்கெற் நீங்களே போடுங்கோ” என்றேன். விசாக் காசை மட்டும் நான்தான் கட்டுவேன் என்று அடம்பிடித்து, அலுமாரியைத் திறந்து கார்டை எடுத்தேன். அதற்கு லிமிட் மட்டுமட்டாகப் போதுமாக இருந்தது. கார்டுக்காசையும் சம்பளம் வரவரத் தவறாமல் கட்டினேன்.

நான் சரி என்ற அன்றைக்கே அக்கா எனக்கு ஒரு அறையை ஒதுக்கிவிட்டாள். ஊன்றுகோலோடு நடந்து நடந்து கட்டிலையும் போர்வையையும் போனில் காட்டினாள்.

போன கிழமை வகுப்பில் நிற்கும்போது போன் கிணுங்கியது. விசாவாக்கும் என்று சோக்கைப் போட்டுவிட்டுப் பாய்ந்தடித்துப் பார்த்தேன். வங்கியின் மெசேஜ். ஒழுங்காகக் கட்டியதால் லிமிட்டைக் கூட்டியிருக்கிறார்களாம். வாழ்த்தும் சொல்லியிருந்தார்கள்.

ஞாயிறு அக்கா கேட்டாள், “விசா ஏதும் வந்ததோ?”

“இன்னும் இல்லை அக்கா.”

“வரும், வரும்” என்றாள். அவளுக்குப் பின்னால் கட்டில் தெரிந்தது. விரிப்பைத் தோய்த்து மாற்றியிருந்தாள்.