திரும்பிப் போன கல்மரம்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. நினைவு மலருக்கு இனிப்பாக எழுது என்று உறவினர்கள் சொன்னார்கள். எனக்கு அது வராது. நடந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் சேதராப்பட்டில் பிறந்தார். நான் ஒரே தங்கை. அப்பா சீக்கிரம் போய்விட்டதால், பள்ளியை முடித்த கையோடு பக்கத்திலேயே இருக்கும் மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். என் கல்யாணத்தை நடத்தியவர் அவர்தான். கம்பெனியை மூடியதும் பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கி, ஊர் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களுக்கு ஓட்டினார். கடற்கரையைக் காட்ட நூறு பேர் இருந்தார்கள். அண்ணன் மேற்கே போனார். ஊசுட்டேரிப் பறவைகள், வில்லியனூர்ச் சுடுமண் பொம்மைகள், செம்மண் மேட்டில் மரங்கள் கல்லாகிக் கிடக்கும் திருவக்கரை. பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சை வைத்தே எல்லாம் விளக்குவார். டவுன் ஓட்டலுக்குத் திரும்பாமல் திருவக்கரைக் கோயில் தெருவிலேயே சாப்பிட வைப்பார். அங்கே வேர்க்கடலையை, எங்கள் மல்லாட்டையை, அவித்து விற்கும் பெண்களிடம் வாங்காமல் வண்டியை எடுக்க மாட்டார்.

"பொட்டக்காட்டுல என்னாத்தடா காட்டுற?" என்று சிரித்த சொந்தக்காரர்களும் இந்த மலரைப் படிப்பீர்கள். சுனாமிக்குப் பிறகு கடற்கரை வெறிச்சோடியபோது உங்கள் வண்டிகளுக்குச் சவாரி பிடித்துத் தரும்படி அவரிடம் வந்தவர்களும் நீங்கள்தான். அவர் ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை. நான் அனுப்பியிருப்பேன்.

சிறுநீரகம் கெட்டு மூலக்குளம் வீட்டில் படுத்திருந்தபோது, அடுப்படிக் கதவுக்கு அண்ணி முட்டுக்கொடுத்திருந்த கல்லைக் காட்டினார்.

"அது கல்மரம். திருவக்கரையில வச்சிட்டு வந்துடணும்."

அங்கிருந்து ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது. யாராவது குனிந்தாலே "துஷே பா", தொடாதே என்று அதட்டுகிறவர் அவர். அவரே வண்டி வாங்கிய புதிதில் விவரம் தெரியாமல் எடுத்து வந்திருக்கிறார். தெரிந்த பிறகு, வெட்கம்.

"ஊரையெல்லாம் வெரட்டிட்டு நீயே தூக்கிக்கினு வந்தியாண்ணா?"

"அதான் சொல்றேன்ல. இத வச்சிக்கினு சாவ முடியலடி."

என் கணவர் காரை எடுத்தார். பாதி வழியில் ஏதாவது ஆகிவிடுமோ என்று அண்ணி அழுதார். எனக்கும் அதே பயம். அண்ணன் கல்லை மடியைவிட்டு இறக்கவில்லை.

கல்மரப் பூங்கா வாசலில் இருந்த காவலாளிக்கு அவரோடு பல வருடப் பழக்கம். அண்ணன் தலை நிமிராமல் கல்லை நீட்டினார். "போலீசுல புடிச்சிக் குடுத்தாலும் சரிப்பா."

"உன்னப் புடிச்சிக் குடுத்தா போலீசு தூக்கிக்கினுதான் போவணும், நடக்கவே முடியல. எடுத்துக்கினு போனவன் எத்தினியோ பேரு. திருப்பிக் கொண்டாந்தது நீதாண்ணா. எங்கேருந்து எடுத்த?"

வேலியோரம் கை காட்டினார். "குடு, நான் வைக்கிறேன்" என்றார் காவலாளி. அண்ணன் கொடுக்கவில்லை. நானும் காவலாளியும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள, நடந்து போய் அவரே வைத்தார்.

திரும்பும்போது மல்லாட்டை கேட்டார். டாக்டர் திட்டுவார் என்றேன். "டாக்டரா வந்து கல்ல வச்சாரு?" என்று இரண்டு கொட்டை மென்றார். வீடு வரும்வரை தூங்கினார். பல மாதங்களாக அவர் அப்படித் தூங்கியதில்லை. ஒன்பதாம் நாள் போய்விட்டார். என் அழுகையோடு ஒரு நிம்மதியும் இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

அவரைத் தாங்கிப் பிடித்த காவலாளிக்கும், மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், காரியத்தன்று பஸ் பிடித்து வந்து நின்ற மல்லாட்டைக்காரப் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வராத சொந்தங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அடுப்படிக் கதவுக்கு அண்ணி இப்போது ஒரு செங்கல்லை வைத்திருக்கிறார். அதை எங்கேயும் திருப்பிக் கொண்டுபோய் வைக்க வேண்டியதில்லை.