கிராண்டான வேலை

எனக்கு வேலை கிடைத்த வாரமே அம்மா விவேக் நகர் முழுக்கத் தமுக்கடித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்களைக்கூட விடவில்லை.

"எம்புள்ளைக்கு கிராண்டான வேலை கெடச்சிருக்கு. கவர்ன்மென்ட் கிராண்டு."

அந்தச் சொல்லை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான்தான். பஸ் டிப்போவில் சூப்பர்வைசர் எங்களை வரிசையாக நிற்க வைத்து, "நீங்கெல்லாம் கிராண்ட்ல வந்த ஆளுங்க, பர்மனென்ட் அது இதுன்னு கனவு காணாதீங்க" என்றார். முன்பாதிதான் என் காதில் ஏறியது. பத்தாவதில் இங்கிலீஷ் என்னைக் கைவிட்டது, பதிலுக்கு நானும் அதைக் கைவிட்டேன். அரசாங்கம் தருகிற மானியத்துக்கும் கல்யாண மண்டபத்து சீரியல் லைட் ஆடம்பரத்துக்கும் ஒரே சொல்தான் என்று நினைத்திருந்தேன். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதானே.

பெண்கள் பஸ்ஸில் பயமில்லாமல் போய்வர வேண்டும் என்று வந்த மானியம் அது. அதில் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் இரண்டு கேமரா, கம்பிக்குக் கம்பி ஆபத்துக்கு அமுக்க ஒரு சிவப்புப் பட்டன், கூடவே காவலுக்கு ஒரு மார்ஷல். அந்த மார்ஷல்தான் நான். நீலக் கோட்டு, முதுகில் கன்னட எழுத்து.

பட்டனை அமுக்கினால் கண்ட்ரோல் ரூமில் மணி அடிக்கும் என்றார்கள். கண்ட்ரோல் ரூமை இன்னும் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதுவரை டிரைவர் முன்னால் ஒரு லைட் மட்டும் எரியும். சனங்கள் சிவப்பைப் பார்த்ததும் இறங்குவதற்கான பட்டன் என்று முடிவு செய்துவிட்டார்கள். கண்டக்டர் கன்னடக்காரர், தமிழர்கள் நிறைந்த நீலசந்திராவில் வளர்ந்ததால் திட்டுவது மட்டும் தமிழில்.

"யாரும்மா அது? எறங்கணும்னா வாயத் தொறந்து சொல்லு. யாரோ கைய புடிச்சு இழுத்தாத்தான் அத அமுக்கணும்!"

"பஸ்ஸ நிறுத்தறதுக்கு யாராவது கைய புடிச்சு இழுக்கணுமா?" என்றாள் பூக்கூடைக்காரி. பஸ்ஸே சிரித்தது. பத்து நாள் கத்திப் பார்த்த கண்டக்டர், பிறகு லைட் எரிந்தால் விசில் ஊத ஆரம்பித்தார். டிரைவரும் நிறுத்த ஆரம்பித்தார்.

அந்த நேரத்தில்தான் அக்காவுக்கு யோகம் அடித்தது. தொம்மலூரில் ஒரு பெரிய ஆபீஸில் டீ, காபி கொடுக்கிற பேன்ட்ரியில் வேலை, காலை ஷிப்ட்டில் கப்பு கழுவிக்கொண்டிருந்தாள். சாயங்கால ஷிப்ட்டுக்கு வந்தால் பேன்ட்ரியே அவள் பொறுப்பு என்றார்கள். சாவி அவள் கையில் இருக்கும், மூன்று பெண்கள் அவள் பேச்சைக் கேட்பார்கள். மாமாவுக்கு, அதாவது அவள் புருஷனுக்கு, அது பிடிக்கவில்லை. டயர் பஞ்சர் கடை வைத்திருக்கிறவர், எதிலும் ஓட்டை தேடுவார்.

"இருட்டினதுக்கு அப்புறம் பஸ்ஸுல ஒண்டியா வருவியா? வேணாம்."

"ஒண்டி எங்க மாமா? அந்த ரூட்ல நான்தான மார்ஷல்" என்றேன்.

"நீயா? தெரு நாய் கொலச்சா எம்பின்னாடி ஒளியற ஆளு நீ."

"அது நாய் மாமா. அதுக்கு கோட்டு மேல மரியாத தெரியாது."

அக்கா பொங்கிச் சிரித்தாள். மாமா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், "சரி. மச்சான் பஸ்ஸுல இருக்கற வரைக்கும் போ" என்றார். நாங்கள் 'சரி'யை மட்டும் எடுத்துக்கொண்டோம். முன்பாதியை மட்டும் கேட்பது எங்கள் குடும்ப வியாதி.

தினமும் தொம்மலூரில் ஏறுவாள். நான் தெரியாதவன் மாதிரி, "மேடம், உள்ள போங்க" என்பேன். பேன்ட்ரிச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே முறைப்பாள். ஒருநாள் அவள் சீட்டுப் பக்கம் ஒருத்தன் பஸ் ஆடாதபோதும் ஆடிக்கொண்டிருந்தான்.

"அண்ணா, பின்னாடி காத்து நல்லா வருது. அங்க போய் ஆடுங்க."

"நீ யாருடா?"

திரும்பி முதுகைக் காட்டினேன். "எனக்குப் படிக்க வராதுண்ணா. நீங்களே படிச்சுச் சொல்லுங்க."

அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டான். இரண்டு கேமராவும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தன.

ஒருவழியாகக் கண்ட்ரோல் ரூம் கட்டி முடித்தார்கள். டிப்போவில் விழா. சாமந்தி மாலை, சுவர் முழுக்க டிவி, சுழலும் நாற்காலிகள், ஆளுக்கொரு மைசூர்பாகு. காலி நாற்காலியில் உட்கார்ந்து கூட்டம் காட்ட மார்ஷல்களையும் கூப்பிட்டிருந்தார்கள். கைதட்டி முடித்ததும் ஓர் அதிகாரி எங்களை ஓரமாகக் கூட்டிப்போய், நாளையிலிருந்து மார்ஷல்கள் வேண்டாம் என்றார்.

"கிராண்ட் வந்திருக்குன்னு இப்பதான மைக்ல சொன்னீங்க சார்?"

"இது சாமான் வாங்கற கிராண்ட்பா. சம்பளம் குடுக்கற கிராண்ட் முடிஞ்சிடுச்சு."

"என்னையும் சாமான் கணக்குல எழுதிக்கோங்க சார். மூலையில நிப்பேன். வேணும்னா நம்பர்கூட ஒட்டிக்கோங்க."

அவர் நல்ல மனிதர், சிரித்தார். கோட்டை ஸ்டோரில் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்.

வாசலிலேயே அம்மா பிடித்துக்கொண்டாள். "ஃபங்ஷன் எப்படிடா முடிஞ்சுது?"

"கிராண்ட் முடிஞ்சிடுச்சும்மா."

"அதான பாத்தேன்! கிராண்டா முடியாம?" என்று மைசூர்பாகைப் பிய்த்துப் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்துவிட்டு வந்தாள். அவள் திரும்பி வந்ததும்தான் வேலை போனதைச் சொன்னேன்.

மாமாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "நீ இல்லன்னா அவளும் இல்ல. அவ்ளோதான்." காலை ஷிப்ட்டில் அக்கா இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. இதை விட்டால் வேலையே இல்லை.

"கேமரா இருக்கு, பட்டன் இருக்கு, கண்ட்ரோல் ரூமும் தொறந்துட்டாங்க" என்றாள் அக்கா. "நீங்களே வந்து அமுக்கிப் பாருங்க. ஆள் வந்தா நான் போறேன். வரலன்னா நின்னுடறேன்."

மறுநாள் தொம்மலூரில் மூன்று பேரும் ஏறினோம். எனக்கும் மாமாவுக்கும் டிக்கெட். மாமா காற்று அளக்கிற முகத்தோடு பட்டனைத் தடவிப் பார்த்தார். ஸ்டாப் எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து அமுக்கினார். லைட் எரிந்தது. அக்கா கண்டக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் ஒரு மிலிட்டரி காம்பவுண்டு சுவரோரம் நின்று கதவைத் திறந்தது.

"யாருப்பா அமுக்குனது? எறங்கு, எறங்கு."

பிறகுதான் என்னைப் பார்த்தார். 'டேய் தம்பி' என்பது கன்னடத்தில் வந்தது. "லோ மகா, நீயா? இங்க ஏது உன் வீடு?"

"கண்ட்ரோல் ரூம்லேர்ந்து கூப்பிடலயா?" என்றேன்.

"யாரு கூப்பிடுவா? அங்க இன்னும் ஆள் போடல. டிவி மட்டும் ஓடுது."

பின்னாலிருந்து யாரோ, "எறங்கறதுன்னா எறங்குங்கப்பா, வீட்டுக்குப் போக வேணாமா?" என்று கத்தினார். மாமா இறங்கினார். அக்கா கம்பியைப் பிடித்தபடி கொஞ்சம் நின்றாள். பிறகு அவளும் இறங்கினாள்.

சுவரோரம் நடந்தோம். அக்காதான் பேசினாள்.

"சரியாத்தான்டா வேல செய்யுது உன் பட்டன். அமுக்குனா நிக்குது."

மறுநாளே வேலையிலிருந்து நின்றாள். சாவியைக் கொடுத்துவிட்டு வர, பகலில், அதே பஸ்ஸில் போய்வந்தாள். பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. அதற்கு வேறொரு மானியம் இருக்கிறது. அது இன்னும் முடியவில்லை.