ஜெனரலுக்கு வந்த கடிதம்

அறுபதுகளின் கடைசியில் நான் மேற்குத் தாம்பரத்தில் ஆங்கில டீச்சராக இருந்தேன். என் மாமனார் பட்டாளத்துக்காரர். இரண்டாம் யுத்த காலத்தில் இமயமலை அடிவாரத்தில், பிடிபட்ட இத்தாலிய அதிகாரிகளை அடைத்திருந்த முகாமில் தபால் கொடுக்கிற வேலை பார்த்தவர். அங்கிருந்த ஒரு ஜெனரலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிப்போகும்.

பதினெட்டு வயதில் பீரங்கிப் படையில் சேர்ந்தவனாம். முதல் யுத்தத்தில் பனிமலையில் சண்டை போட்டு மெடல் வாங்கியிருக்கிறான். பிறகு ஆப்பிரிக்காவில் அபிசீனியா நாட்டில் விஷப்புகைக் குண்டு போட்டு ஊர் ஊராக அழித்தான். அதற்குத்தான் ஜெனரல் பதவி. கடைசியில் பாலைவனத்தில் இங்கிலீஷ்காரர்களிடம் படையோடு சரணடைந்தான். முகாமிலும் திமிர் போகவில்லை. மாமனாரை விரல் சொடுக்கித்தான் கூப்பிடுவானாம்.

“அவன் பொண்ணு லெட்டர் போட்டிருந்துச்சு. பதினோரு நாள் பாக்கெட்லயே வச்சிக்கினேன்,” என்றார் ஒருநாள். “தெனம் முகாம் கேட்டாண்ட வந்து நிப்பான். வரலைன்னு கைய விரிப்பேன். அப்பால தந்தி வந்துச்சு, குண்டு வுழுந்து பொண்ணு செத்துப்போச்சுன்னு. தந்திய மொதல்ல குடுத்தேன். அழுது முடிச்சப்புறம் லெட்டரக் குடுத்தேன்.”

சிரித்தார்.

“ஏன் மாமா அப்படி?”

“அவன் எத்தினி பேரு பொண்ணக் கொன்னான்? அத்த கேளு.”

எங்கள் பங்குக் கோயிலுக்கு ஓர் இத்தாலியப் பாதிரியார் வந்துசேர்ந்தார். தபால் உறைகளில் பார்த்து நினைவிலிருந்த ஊருக்கு அவரை எழுதவைத்து, ஜெனரல் என்ன ஆனான் என்று மாமனார் விசாரித்தார். ஜெனரலின் மனைவி பதில் போட்டாள். பாதிரியார் எங்கள் வீட்டில் உட்கார்ந்து அதைத் தமிழில் சொன்னார்: ஜெனரல் ஊர் திரும்பி, பென்ஷனோடு ஒன்பது வருஷம் வாழ்ந்து போய்ச்சேர்ந்தாராம். மகள் செத்த செய்தி வந்த அன்றே அவள் கடிதத்தையும் ஓர் இந்தியச் சிப்பாய் கொண்டுவந்து கொடுத்தான், அதனால்தான் பிழைத்தேன் என்பாராம். அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது, சிப்பாய்க்காக ஞாயிறுதோறும் ஜெபிக்கிறேன் என்று எழுதியிருந்தாள்.

மாமனாரின் முகம் கறுத்துப்போனது. பாதிரியார் போனதும், “பேப்பர் எடு. அந்தச் சிப்பாய் நான்தான், லெட்டர வேணும்னே ஒளிச்சி வச்சேன்னு இங்கிலீஷ்ல எழுது. பதினோரு நாள்னு எழுது,” என்றார்.

“வயசான அம்மா, மாமா.”

“அவன் பொண்டாட்டி ஜெபம் எனக்கு வாணாம். எழுது.”

எழுதினேன். வழியில் கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் குழந்தையில்லாத என்னை வந்தவர்கள் முன்னாலெல்லாம் மலடி என்று கூப்பிட்டவர் அவர். அந்த அம்மா வயிறெரிந்து அவரைச் சபிக்கட்டும் என்று நினைத்தேன். ஸ்டேஷன் பக்கத்துத் தபாலாபீசில் ஸ்டாம்பு ஒட்டி நானே போட்டேன். படிக்கப்போகிறவள் என்ன ஆவாள் என்று நான் நினைக்கவே இல்லை.

மழைக்காலத்தில் பாதிரியார் நனைந்துகொண்டே வந்தார். உட்காரவில்லை. ஜெனரல் மனைவியின் தங்கை எழுதியிருந்தாளாம்: அக்கா, தன் மகளின் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டாள், யாரிடமும் பேசுவதில்லை, இனி எழுதாதீர்கள்.

“இங்கிலீஷ்ல எழுதினது யாரு?” என்று கேட்டார்.

மாமனார் என் பக்கம் கையைக் காட்டினார்.