சித்தப்பா நாடகம் எழுதிய விதம்

இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மலாக்காப் பக்கம், ஜாசினுக்கு உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டம். அப்பா அங்கே கணக்கெழுதும் கிராணி, சித்தப்பா தோட்டத்துப் பள்ளியில் வாத்தியார். சித்தப்பா, சின்னம்மா, நாங்கள் எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். மாரியம்மன் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் தோட்டத்து ஆட்கள் நாடகம் போடுவார்கள். அந்த வருஷம் சொந்தமாகவே ஒன்று எழுதித் தருகிறேன் என்று சித்தப்பா கோயில்காரர்களிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

வாக்குக் கொடுத்தாரே தவிர, வார்த்தை வரவில்லை. ‘முதல் காட்சி’ என்று எழுதி அடியில் கோடு போட்டதோடு பேனா நின்றது. மேசையைக் கிழக்குப் பார்த்துப் போட்டார். புது நிப்பு வாங்க மலாக்காவுக்கு பஸ் ஏறினார். அவருக்கு எழுத்து வராததற்கு நாங்கள் பாண்டி ஆடக்கூடாது, அம்மா அம்மியில் அரைக்கக்கூடாது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் வீட்டில் கூடத்தில் இருந்த ஆட்கள் எல்லோருமே கோணல்.

ஒருநாள் சாப்பாட்டில் கைவைத்ததும், குழம்பில் உப்பில்லை என்றார். நானும் அதே குழம்பைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உப்பு சரியாகவே இருந்தது. அதோடு விடாமல், ஊரில் சிவனே என்று இருந்த சின்னம்மாவின் அப்பாவையும் இழுத்தார். சின்னம்மாவும் மனுஷிதானே, எவ்வளவுதான் பொறுப்பார்?

“ஒரு மனுசன நம்பிக் கப்பலேறி வந்தேன். வந்து பாத்தா இந்த மேசைக்கில்ல வாக்கப்பட்டிருக்கேன்!”

சித்தப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். பயந்துவிட்டார் என்று நினைத்தேன். அவரோ நேரே மேசைக்குப் போய் மூன்று பக்கம் எழுதினார்.

அதன்பிறகு வாரத்துக்கு நான்கு சண்டை. காப்பி ஆறிவிட்டது, வேட்டியில் கறை, வயிற்றில் பிள்ளை தங்கவில்லை. கடைசியாகச் சொன்னதற்குச் சின்னம்மா என்னென்னவோ சொல்லி அழுதார். அன்றைக்குச் சித்தப்பா ஒரு காட்சியையே முடித்துவிட்டார்.

திருவிழாவில் மீசையை மழித்துக்கொண்ட ஒரு பால்வெட்டுக்காரர்தான் கதாநாயகி. “மேசைக்கில்ல வாக்கப்பட்டிருக்கேன்” என்று அவர் மாரில் அடித்துக்கொண்டதும் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். பிள்ளையில்லாத பேச்சும் வந்தது, ஒரு சொல் குறையாமல். சின்னம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குனிந்துவிட்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எழுந்து நின்று கத்தினேன்.

“இது எங்க சின்னம்மா சொன்னதுலா! சித்தப்பா எழுதல!”

கொட்டகையே சிரித்தது. அம்மா என் தொடையில் கிள்ளியது மூன்று நாள் கன்றிப்போயிருந்தது. திருடியவருக்கு ரோஜா மாலை, உண்மையைச் சொன்னவளுக்குக் கிள்ளு! எந்த ஊர் நியாயம் இது?

மறுநாளிலிருந்து வீட்டில் சண்டை நின்றது. சித்தப்பா என்ன குறை சொன்னாலும் சின்னம்மா தன் பாட்டுக்கு வேலையைப் பார்த்தார். அடுத்த திருவிழா நெருங்கியும் தாள் வெள்ளையாகவே கிடந்தது. சித்தப்பா வந்து அம்மாவிடம் முறையிட்டார்.

“என்னா அண்ணி இது, இவ வாயே தொறக்க மாட்டேங்கறா. நான் எப்படி எழுதறது?”

கேட்க வெட்கமாகவே இல்லை அவருக்கு. ஆனால் அவரை மட்டும் சொல்லி என்ன? சின்னம்மாவுக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்றுதான் நானும் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல், துணி மடித்துக்கொண்டிருந்தவரிடம் போய்ச் சொல்லவும் செய்தேன்.

“இப்பல்லாம் நீங்க சண்டையே போடறதில்ல சின்னம்மா. ரொம்ப நல்லவங்களா ஆயிட்டீங்க.”

சின்னம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எனக்கும் பதில் சொல்லவில்லை.