கமால் பாய் கடை ஆணியில என் நூல்

கமால் பாய் போய்ட்டார்... இப்பதான் அவர் மருமகன் போன் பண்ணான். தூக்கத்துலயே போயிருக்கார்.

குரோம்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னாடி தகர ஷெட்டுல, பைப் வெட்டி, பத்த வெச்சு, ஆளுக்கு அளவெடுத்து சைக்கிள் செஞ்சு குடுத்தாரே... அவரேதான். இந்தியாவுல சைக்கிளைப் பத்தி முழுசா தெரிஞ்சவங்க ரெண்டே பேர். இனிமே நான் ஒருத்தன்தான்.

மாசத்துக்கு ரெண்டு வண்டி. ஜனாதிபதியே வந்து நின்னாலும் மூணாவது கிடையாது.

ஆர்டர் புக், ஆப் எதுவும் இல்ல. இடுப்புலேர்ந்து குதிகால் வரைக்கும் நூல் புடிச்சு வெட்டி, பேர் எழுதின சீட்டைக் கட்டி, சுவத்துல கடைசி ஆணியில மாட்டுவார். அதான் வரிசை. ஒரு வண்டி முடிஞ்சா எல்லா நூலும் ஒரு ஆணி முன்னாடி வரும்.

என் பொண்ணு மாலதிக்கு ஒரு ஆக்சிடென்ட்டுல இடது கால் கொஞ்சம் குட்டையாயிடுச்சு. கடை சைக்கிள் எதுவும் சரிப்படல. "காலேஜ் திறக்கற அன்னிக்கு நானே ஓட்டிட்டுப் போகணும்ப்பா"ன்னா.

காலேஜ் திறக்க ஒரே மாசம். அவ நூல் ஏழாவது ஆணியில...

பாய் டீ குடிக்கப் போன நேரம் பாத்து அதை ரெண்டாவது ஆணிக்கு மாத்திட்டேன். என் கை வேகம் அப்படி, எதிர்ல உக்காந்திருந்த பூனைக்கே தெரியல.

வந்தார். கண்ணாடி கூட போடல.

"இன்னா சார், உங்க பொண்ணு நூலு மட்டும் எக்ஸ்பிரஸ்ல வந்துகினு கீது?"

"காத்துல நகர்ந்திருக்கும் பாய்."

"காத்து கரெக்டா ஆணி பாத்து மாட்டுமா சார்?"

எடுத்து பழையபடி ஏழாவதுல மாட்டினார். அப்புறம்தான் காலேஜ் விஷயத்தைச் சொன்னேன். "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"ன்னு திட்டிட்டு, என் முன்னாடியே அஞ்சு பேருக்கு போன் போட்டார். "வரிசை உங்களுது. நீங்க விட்டுக்குடுத்தாதான் உண்டு"ன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டார்.

நாலு பேர் உடனே சரின்னாங்க. ரெண்டாவது ஆணிக்காரர் திருநீர்மலையில பேப்பர் போடறவர். "வண்டி உடைஞ்சு நடந்து போட்டுட்டு இருக்கேன் பாய்"னார். நியாயம்தானே...

"அப்போ உங்க வண்டி ரெடியாகற வரைக்கும் என் வண்டிய எடுத்துக்கோங்க"ன்னார் பாய். அவரும் ஒத்துக்கிட்டார்.

காலேஜ் திறந்த அன்னிக்கு மாலதி போறதைப் பாத்து ஜிஎஸ்டி ரோட்ல லாரி, பஸ் எல்லாம் நின்னு வழி விட்டுச்சு. நான் பைக்ல பின்னாடியே... கண்ணுல ஒரே தூசி.

அந்தப் பேப்பர்காரர் வண்டி முடியற வரைக்கும் பாய் பல்லாவரத்துலேர்ந்து கடைக்கு நடந்தே வந்தார். இதுல மட்டும் நான் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லல.

மருமகன் போன்ல கேட்டான். "அங்கிள், உங்களுக்குன்னு ஒரு வண்டி சொல்லியிருந்தீங்களே, உங்க நூல் மூணாவது ஆணியில இருக்கு. வந்து எடுத்துக்கறீங்களா?"

வேணாம்ப்பா, அங்கயே இருக்கட்டும்னுட்டேன்.

மாலதி அந்த சைக்கிள்லயே பாய் வீட்டுக்குக் கிளம்பிட்டா. நானும் கிளம்பறேன்.

ரொம்ப நன்றி பாய்... இந்த தடவை நூலை நான் தொடல.