ஓரம் தெரியாத படம்

தமிழ்ச்செல்வி உப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, காலில் ஒட்டியிருந்த கட்டுத்துணியை நனைத்துக்கொண்டிருந்தாள். காய்ந்த துணியை வெடுக்கென்று இழுத்தால் புதிதாக வளர்ந்த சதையும் கூடவே வந்துவிடும். நன்றாக ஊறட்டும் என்று காத்திருந்து, இடது கையால் பாதத்தைத் தாங்கிக்கொண்டு, துணியின் நுனியை மடக்கி மடக்கி உரித்தாள். நாற்காலியில் சாய்ந்திருந்த நாகசுப்பிரமணியன் செய்தித்தாளைப் புரட்டினார். ஒரு முகச்சுளிப்புகூட இல்லை. வலித்திருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இருபது வருஷத்துச் சர்க்கரை அந்தப் பாதத்தின் உணர்வை முழுதாகத் தின்று முடித்திருந்தது.

துணி கையோடு வந்ததும் அவள் மூச்சை நிறுத்திக்கொண்டாள். வாடை. நேற்று இல்லாத வாடை.

அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. சமயநல்லூரிலிருந்து தினமும் பஸ் ஏறிக் கோச்சடைக்கு வருவாள். வீட்டிலேயே நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சியை முறையாகப் படித்துத் தேறியவள். பதினான்கு வருஷத்தில் இருபதுக்கு மேற்பட்ட வீடுகள். புண் கழுவுவாள், படுக்கை மாற்றுவாள், ஊசி போடுவாள். ‘சரியாகிவிடும்’ என்று மட்டும் எந்த வீட்டிலும் சொல்லமாட்டாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு வீட்டில் இதே மாதிரி ஒரு பெரியவர், இதே மாதிரி ஒரு புண். லேசான வாடை வந்தது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டார் சொன்னார்கள், அவளும் தலையாட்டினாள். அந்த ‘நாளைக்கு’ முழங்காலுக்குக் கீழே காலை வெட்டி எடுத்ததில் முடிந்தது. யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. ஆனாலும் எங்கே மரக்காலைப் பார்த்தாலும் அவளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வரும்.

நாகசுப்பிரமணியன் நூல் கடையை மகனிடம் விட்டுவிட்டுக் கேமராவைத் தூக்கியவர். ஒன்பது நாளுக்கு முன்னால் பரவை மார்க்கெட்டில் படம் எடுக்கப் போனார். கருவேல முள் ஒன்று செருப்பைத் துளைத்துச் சுண்டுவிரலுக்கு அடியில் ஏறியது அவருக்குத் தெரியவே இல்லை. அரைநாள் அப்படியே நடந்திருக்கிறார். வீட்டுக்குள் வந்தபோது தரையில் வரிசையாகச் சிவப்புத் தடம் கிடந்ததைப் பார்த்து அவர் மனைவி வசுந்தராதான் அலறினாள்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை நேரில் வந்தால் போதும், தினமும் ஒரு படம் அனுப்புங்கள், படத்தைப் பார்த்து மருந்து சொல்கிறேன் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். போனில் எடுத்து அனுப்பினால் போதும் என்றார். நாகசுப்பிரமணியனுக்கு அது கேவலமாகப் பட்டது. வீட்டில் இம்புட்டு கேமராவை வைத்துக்கொண்டு போனில் எடுப்பதா என்று சிரித்தார். தமிழ்ச்செல்வியிடம் இருந்தது பட்டன் போன், அதில் படம் எடுக்க முடியாது. வசுந்தராவோ கட்டுப் பிரிக்கும் நேரத்தில் அந்த அறைப் பக்கமே வரமாட்டாள்.

ஆகவே படம் எடுக்கும் வேலை தமிழ்ச்செல்வி தலையில் விழுந்தது. உள்ளங்காலை அவரே எடுக்க முடியாதே.

முதல் நாளே அவர் இரண்டு கேமராவையும் மேசைமேல் வைத்து அவளுக்குக் காட்டினார். பெரியது ரேஞ்ச்ஃபைண்டர், இரும்புக் கனம். சின்னது வசுந்தரா காசி யாத்திரைக்குக் கொண்டுபோன கேமரா, சோப்புப் பெட்டி அளவு. பெரியதில் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு சின்னக் கட்டத்தில் பொருள் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருகினால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று வந்து உட்காரும். உட்கார்ந்த இடம் மட்டும் துல்லியம். கை நீளத்தைவிடக் கிட்டே அதைக் கொண்டுபோக முடியாது. உள்ளே படம் பதியும் சென்சார் பழைய பிலிம் அளவு. சின்னதின் சென்சார் சுண்டுவிரல் நகம் அளவு.

“இதுல பாரு செல்வி. பெருவிரல் நுனி எப்படி நிக்குது, பின்னாடி எல்லாம் வெண்ணெயா கரைஞ்சு போகுது. அந்த டப்பாவுல எடுத்தா செவுத்துல ஒட்டுன நோட்டீஸ் மாதிரி எல்லாமே தெரியும். ரசனையே கிடையாது.”

இரண்டிலும் ஒரே காலை அவளை எடுக்கவைத்துக் கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தும் காட்டினார். அவர் சொன்னது உண்மைதான். பெரியதில் தோலின் நிறம் கண்ணால் பார்ப்பது போலவே இருந்தது. சின்னதில் கொஞ்சம் மஞ்சள் ஏறியிருந்தது. தமிழ்ச்செல்வி வேறொன்றைக் கவனித்தாள். சின்னதில் விரலிலிருந்து குதிகால் வரைக்கும் ஒவ்வொரு வெடிப்பும் எண்ணும்படி இருந்தது. அன்றைக்கு அதை ஒன்றும் பெரிதாக நினைக்கவில்லை. பணக்கார வீட்டில் பொருளுக்குப் பொருள் ஒரு பெருமை இருக்கும், நமக்கென்ன என்று விட்டுவிட்டாள்.

தினமும் நடப்பது இதுதான். லென்ஸில் ஒளி நுழையும் துளையை அகலமாக்கும் வளையத்தை அவரே திருகி வைத்துக் கேமராவைக் கொடுப்பார். பெருவிரல் நுனியைக் கட்டத்துக்குள் கொண்டுவரச் சொல்வார். அவள் அமுக்குவாள். அவர் கம்ப்யூட்டரில் போட்டு டாக்டருக்கு அனுப்புவார். பதில் வரும்: நன்றாக இருக்கிறது, தொடருங்கள்.

இன்றைக்கும் அவர் கேமராவை நீட்டினார். அவள் கேமராவின் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். இரண்டு பெருவிரல்கள் நெருங்கி வந்து ஒன்றாயின. அமுக்கினாள். பத்து நிமிஷத்தில் பதில் வந்துவிட்டதாக அவர் போனைத் தூக்கிக் காட்டினார். நன்றாக இருக்கிறது, தொடருங்கள்.

வாடை மூக்கிலேயே நிற்கிறது, டாக்டர் நன்றாக இருக்கிறது என்கிறார். எதைப் பார்த்துச் சொல்கிறார்? எழுந்துபோய்க் கம்ப்யூட்டரில் கிடந்த படத்தைக் குனிந்து பார்த்தாள். பெருவிரல் நுனி பளிங்கு மாதிரி நின்றது. புண் இருந்த சுண்டுவிரல் பக்கம் வெண்ணெயாகக் கரைந்திருந்தது. முந்தைய நாள் படங்களையும் நகர்த்திப் பார்த்தாள், ஒன்பது நாளும் அப்படித்தான். ஒன்பது படத்திலும் புண்ணுக்கு ஓரமே இல்லை.

புதுக் கட்டுப் போடாமல் கையுறையைக் கழற்றிவிட்டு, அலமாரியிலிருந்து சின்னக் கேமராவை எடுத்தாள். புதுக் கையுறை மாட்டிக்கொண்டாள். வெள்ளைக் கட்டுத்துணியில் ஒரு துண்டைப் புண்ணுக்குப் பக்கத்தில் வைத்தாள். துணி வெள்ளையாகத் தெரிந்தால்தான் சதையின் நிறத்தை நம்பலாம். அளவு தெரிய ஸ்கேல் காகிதத்தைக் கீழே வைத்தாள். சாண் தூரத்துக்குக் கிட்டே போனாள்.

“அது எதுக்கு? அனுப்பியாச்சுல்ல?” என்றார் அவர். செய்தித்தாள் மடியில் இறங்கியிருந்தது.

அவள் அமுக்கினாள். பின்பக்கத் திரையில் படத்தைப் பெரிதாக்கினாள். நான்காவது விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் மை தொட்டு இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. அதன் ஓரத்திலிருந்து பாதத்தின் பக்கவாட்டில் சிவப்பு பரவியிருந்தது. திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

அவர் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாதாரணமாகச் சொன்னார்.

“அதை அழிச்சிரு செல்வி.”

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. இது கேமராப் பெருமை இல்லை. எந்த வளையத்தை எங்கே வைத்தால் எது கரையும் என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பெருவிரலைப் பார்க்கச் சொன்னவரும் அவர்தான்.

“அழிக்கமாட்டேன் சார். என்னைய வேலைய விட்டு நிறுத்துங்க, போயிர்றேன். ஆனா இந்தப் படம் டாக்டரம்மாகிட்ட போயிட்டுத்தான் நான் போவேன்.”

கேமராவோடு கூடத்துக்குப் போனாள். அதில் எடுக்கும் படத்தை வசுந்தராவின் போனுக்கு மாற்றலாம், காசிப் படங்கள் எல்லாம் அப்படித்தான் ஏறியிருந்தன. வசுந்தரா முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தாள். படத்தைப் பார்க்கச் சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டாள்.

“நீங்க பார்க்க வேணாம்மா. அனுப்புங்க, அது போதும்.”

அதற்குள் அவர் உள்ளேயிருந்து, அவர்கள் வீட்டுக்குள் பேசும் சௌராஷ்டிர மொழியில் ஏதோ சொன்னார். வசுந்தரா பதில் சொன்னாள். அவர் மறுபடி சொன்னார், இந்தமுறை குரல் உடைந்திருந்தது. தமிழ்ச்செல்விக்கு அந்த மொழியில் ஒரு வார்த்தையும் தெரியாது. தன்னைப் பற்றித்தான் பேச்சு, இன்றோடு இந்த வீடு முடிந்தது என்று நினைத்தாள். அதைவிட அவள் பயந்தது வேறு. வசுந்தரா போனைக் கீழே வைத்துவிட்டால்? இன்னொரு நாளைக்கு?

வசுந்தரா போனைக் கீழே வைக்கவில்லை. கீரை ஒட்டிய விரலாலேயே தடவித் தடவி அனுப்பினாள். பிறகு தமிழில் சொன்னாள்.

“இவரோட அப்பாவுக்கு இதே கால்தான் போச்சு. நாலு வருஷம் அந்த மூலையில செவுத்தைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தாரு. இவருக்கு அந்த மூலை பயம். இவரு மறைச்சது எனக்கே தெரியாம இருந்துச்சு பாரு, அதான் எனக்கு இப்ப பயமா இருக்கு.”

அஞ்சு நிமிஷத்தில் டாக்டரம்மாவே கூப்பிட்டார். இத்தனை நாள் ஏன் இப்படி ஒரு படம் வரவில்லை என்று முதலில் கேட்டார். வசுந்தரா போனைத் தமிழ்ச்செல்வியிடம் நீட்டினாள். உடனே போட வேண்டிய ஊசியைச் சொன்னார். நடுக்கமோ காய்ச்சலோ வந்தால் அந்த நிமிஷமே கிளம்ப வேண்டும், இல்லாவிட்டால் விடிந்ததும் வெறும் வயிற்றோடு வர வேண்டும், ஒரு விரலாவது போகும், பாதத்தைப் பற்றி நேரில் பார்க்காமல் சொல்லமாட்டேன் என்றார். சிவப்பு எங்கே முடிகிறதோ அங்கே பேனாவால் கோடு போட்டு வைக்கச் சொன்னார்.

தமிழ்ச்செல்வி ஊசி போட்டாள், கோடு போட்டாள், புதுக் கட்டுப் போட்டாள், மணியை நோட்டில் எழுதினாள். அன்றைக்கு ஊருக்குப் போகவில்லை. மணிக்கொரு தரம் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவர் தூங்குவது போலக் கிடந்தார். ஒருமுறை கண்ணைத் திறக்காமலே, “முழுசா எடுத்துருவாங்களா?” என்று கேட்டார்.

“தெரியாது சார்.”

“சும்மாவாச்சும் இல்லைன்னு சொல்லேன்.”

“சொல்லி என்னா பண்ண. ஏற்கெனவே ஒம்பது நாளு நல்லாருக்குன்னு கேட்டாச்சு.”

அவர் சிரித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது.

மறுநாள் காலை ஐந்தரைக்குக் கட்டைப் பிரித்தாள். பாதத்தின் சிவப்பு, பேனாக்கோட்டை அரை விரல் தாண்டியிருந்தது. அவரிடம் சொன்னாள், மறைக்கவில்லை. அவர் தலையணையில் சாய்ந்தபடி வெள்ளைத் துணித் துண்டைத் தன் கையாலேயே வாங்கினார். காலை மடக்கிப் பிடித்துப் புண்ணுக்குப் பக்கத்தில் அதை வைத்துக்கொண்டார்.

“சின்னதையே எடு. கிட்டப் போயி எடு.”

எடுத்தாள். வசுந்தரா அனுப்பினாள். ஆறு மணிக்கு ஆட்டோ வந்தது. பெரிய கேமரா மேசைமேலேயே கிடந்தது. பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் சுண்டுவிரலையும் அதை ஒட்டிக் கறுத்திருந்த சதையையும் எடுத்தார்கள். பாதம் இப்போதைக்குத் தப்பியது, மூன்று நாள் போனால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்று சொன்னார்கள். தமிழ்ச்செல்வி ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் சின்னக் கேமராவைத் துடைத்து வசுந்தராவின் பைக்குள் வைத்தாள். கட்டு எத்தனை மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று நர்ஸிடம் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள்.