சபாபதியைக் கேட்கவில்லை

பக்கவாதம் வந்தவர்களின் கைகளுக்குப் பயிற்சி கொடுப்பது மாதவியின் வேலை. கிள்ளான் நகரில் ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில் பல வருடங்களாக அதைச் செய்துவந்தாள். டிப்ளோமாவோடு படிப்பு முடிந்தும் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் விடவில்லை. புரியாத இடத்தை அகராதி வைத்துப் படிப்பாள், மறுநாள் மறுபடியும் படிப்பாள். உடன் வேலை செய்யும் ஸ்டானிஸ்லாஸுக்கு அது தினசரிக் கேலி. "அக்கா, இன்னைக்குப் பேப்பர் என்ன சொல்லுது? நான் தே தாரேக் குடிக்கலாமா, கூடாதா?"

"சீனி இல்லாத டீன்னா குடிக்கலாம்லா" என்பாள்.

சபாபதி அங்கே வந்தபோது அவருடைய வலக்கை மடியில் கிடந்தது. கேரி தீவிலிருந்து எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரியை ஓட்டியவர். பேச்சு கொஞ்சம் குழறியதே தவிர, சொல்வது விளங்கியது. மாதவி அவர் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்து விரல்களைத் தூக்கச் சொன்னாள். மூன்று விரல்கள் லேசாக எழுந்தன.

"நல்லா வருது அங்கிள். கை சரியானா முதல்ல என்ன செய்யணும் உங்களுக்கு?"

"பொண்ணு கல்யாணம் வருதுமா. பந்தியில என் கூட்டாளிங்களோட உக்காந்து, நானே பெசஞ்சு சாப்பிடணும்."

இடக்கையால் சாப்பிடுவது அவருக்கு நினைத்துப் பார்க்கவே முடியாத காரியம். அதனால் வீட்டில் மகள் தாமரை ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

விரல் இந்த அளவு அசைகிறவர்களுக்கு என்ன செய்யலாம் என்று மாதவி படித்திருந்தாள். நல்ல கைக்கு உறை மாட்டிப் பூட்டிவிட வேண்டும். வீட்டிலும் பகலின் பெரும்பகுதி நோய்ப்பட்ட கையே எல்லாவற்றையும் செய்ய வேண்டும். பல ஊர்களில் சோதித்துப் பார்த்த முறை. ஒரு தடித்த அடுப்புக் கையுறையை அவர் இடக்கையில் மாட்டினாள். முதல் நாள் இட்லித் துண்டு மூன்று முறை விழுந்தது. நான்காம் முறை வாய்வரை போயிற்று.

"கியர் விழுந்திருச்சு" என்றார் சபாபதி.

அந்த வாரம் முடிவதற்குள் தாமரை தனியாக வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"அந்த உறை வேணாம்க்கா. நேத்து ரமணி அத்தை வந்தாங்க. அப்பா மடியெல்லாம் சோறு. பெத்தவனுக்கு ஒரு வாய் ஊட்ட உனக்கு வலிக்குதா, கையக் கட்டிப் போட்டுப் பட்டினி போடுறியான்னு ஒரே அழுகை. பக்கத்து வீட்டு ஆன்டி எட்டிப் பாக்குறாங்க. எண்ணெய் போட்டு உருவி விடுங்க, கரண்டு மெஷின் வைங்க. அது போதும்."

வழி இல்லாமல் இல்லை. விருந்தாளி இருக்கும்போது உறையைக் கழற்றிவிடலாம். அத்தையையே ஒருநாள் மையத்துக்கு அழைத்துக் காட்டலாம். ஆனால் போன மாதம்தான் இன்னொரு குடும்பம் மேலாளரிடம் புகார் சொல்லியிருந்தது. மாதவிக்கு இன்னொரு சண்டைக்குத் தெம்பில்லை. ஆய்வை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது, நோயாளியின் விருப்பத்தையும் பார்க்க வேண்டும் என்று படித்ததெல்லாம் அப்போது வசதியாக நினைவுக்கு வந்தது.

"சரி தாமரை, உங்க விருப்பம்."

சபாபதி அடுத்த அறையில்தான் உட்கார்ந்திருந்தார்.

உருவி விட்டார்கள், மெஷின் வைத்தார்கள். தாமரை ஒரு வேளைகூடத் தவறாமல் ஊட்டினாள். அந்தக் கைக்கு வேலையே இல்லாமல் போயிற்று. கொஞ்ச நாளில் பயிற்சிக்கு வருவதும் நின்றது.

மறு வருடம் தாமரைக்கும் லோகனுக்கும் கல்யாணம். அழைப்பு வந்ததால் மாதவி போனாள். மண்டபத்தில் பந்தி தொடங்கிவிட்டது. லோரிக்காரக் கூட்டாளிகள் ஒரு வரிசையில் சிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சபாபதி அங்கே இல்லை. பக்கத்து அறையில், பட்டு வேட்டியோடு நாற்காலியில் இருந்தார். வலக்கை விரல்கள் உள்ளங்கைக்குள் இறுகிச் சுருண்டிருந்தன.

"வாமா." தன் கையைப் பார்த்தபடி கேட்டார். "கிளவுஸ் ஒண்ணு போட்டியே, அது பலிச்சிருக்குமா?"

"எல்லாருக்கும் பலிக்காது அங்கிள். ஆனா உங்க அளவுக்கு விரல் ஆடினவங்கள்ல நிறையப் பேருக்கு நல்லா வந்திருக்கு."

"அப்புறம் ஏன் கழட்டின?"

"தாமரை அழுதா..."

"அவ அழுதா. என் தங்கச்சி அழுதா. கை யாரோடது? என்னை ஒரு வார்த்தை கேட்டியாமா?"

அவர் பெற்ற மகளின் கண்ணீரை அவருடைய விருப்பம் என்று எழுதிக்கொண்டது அவள்தான். வேறு யாருமில்லை.

"கேக்கலை அங்கிள். கேட்டிருக்கணும்."

"இப்ப போட்டா?"

அவள் குனிந்து ஒரு விரலை நிமிர்த்திப் பார்த்தாள். விட்டதும் மடங்கிக்கொண்டது. கொஞ்சமாவது தானாக விரியும் கைக்குத்தான் அந்தச் சிகிச்சை. பொய் ஒன்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

"கை இறுகிருச்சு அங்கிள். இப்போ அது முடியாது. வலி இல்லாமப் பாத்துக்கலாம்."

அவர் தலையாட்டினார். கிண்ணத்தில் சோறும் கரண்டியுமாக ரமணி உள்ளே வந்தாள். "அண்ணனுக்குப் பசிச்சிருக்கும்ல, பாவம்" என்று குழைத்த சோற்றை அள்ளினாள்.

"நீ போய்ச் சாப்பிடுமா, பந்தி முடிஞ்சிரும்" என்று மாதவியிடம் சொல்லிவிட்டு, சபாபதி வாயைத் திறந்தார்.